இடது இருக்கையின் பாரம்

என் பழைய மொரிஸ் மைனர் காரை, முன்பக்க உயரத்தைச் சரிசெய்யப் பதுளை கராஜில் விட்டிருந்தேன். அங்கே அடித்த கிரீஸ் வாசனை என்னை அப்புத்தளைத் தோட்டத்து மூடுபனிக்குள் இழுத்துப்போனது. இன்று தேயிலை மூடிவிட்ட அந்தச் சரிவில், வண்டிகளைப் பழுதுபார்க்கும் அப்பாவின் தகரக் கொட்டகை இருந்தது. கூரையில் பனி சொட்டிக்கொண்டிருக்கும், ஜாக்கி முனகும், வண்டியை இறக்கி முன்னும் பின்னும் உருட்டியபின் இருக்கைகளில் பாரம் வைத்துத்தான் உயரம் அளக்க வேண்டும் என்பதால் அப்பா எங்களையே ஏற்றி உட்காரவைப்பார்: வலப்பக்கம் நான், இடப்பக்கம் தம்பி செல்வம்.

ஒருநாள் அப்பா அளவுகோல் எடுக்கப் போனபோது நான் மெல்ல இறங்கித் தம்பியிடம் சொன்னேன்.

"நான் சொல்ற வரைக்கும் எறங்காதடா, அளவு தப்பிடும்."

"சரிண்ணே."

அவனைப் பயமுறுத்தத்தான் சக்கரத்துக்கு அண்டக்கொடுத்திருந்த கட்டையை உருவினேன். வண்டி பனிக்குள் உருண்டு பள்ளத்தில் விழும்வரை அவன் கதவைத் திறக்கவில்லை. என் சொல்லுக்குக் கட்டுப்பட்டே செத்தான். கட்டை வழுக்கிவிட்டதென்று அப்பா சாகும்வரை தன்னையே நொந்துகொண்டார். நான் வாய் திறக்கவில்லை.

"ஐயா, ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் வச்சேன். ஆளே இல்லாம இடது பக்கம் எறங்கி நிக்குது. பேய்கீய் குந்தியிருக்கோ என்னமோ!" என்று சிரித்தார் பதுளை கராஜ் மெக்கானிக்.

நான் இடது கதவைத் திறந்தேன்.

"அளவு எடுத்தாச்சு செல்வம். எறங்குடா."

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றது. வண்டிக்கடியில் எங்கோ இரும்பு முனகியது. முன்பக்கம் உயர்ந்ததா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.