நிஸ்வா சந்தையில் ஒரு கிடாவின் சம்மதம்

ஓமானின் நிஸ்வா கோட்டையடியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. வாங்குபவர்கள் வட்டமாக நிற்க, விற்பவர்கள் ஆடுகளோடு நடுவில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். வழியெல்லாம் பழைய மண்வீட்டு ஊர்களைப் பார்த்துக்கொண்டே மஸ்கட் லேபர் கேம்ப்பிலிருந்து வந்திருக்கிறோம். ஊர்த் திருவிழாவுக்கு லீவு கிடைக்காத முருகேசன் அண்ணன், குலசாமிக்கு இங்கேயே கிடா வெட்டுவது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

ஒரு கறுப்புக் கிடாவை நிறுத்தி, அதன் தலையில் பாட்டில் தண்ணீரைத் தெளிக்கிறார். கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். இதற்கு முன் பார்த்த இரண்டும் மரம் மாதிரி நின்றுவிட்டன.

"பாய், பானி க்யோன்?" என்று, தண்ணீர் எதற்கென இந்தியில் கேட்கிறார் கிடாக்காரர், இடுப்பில் வெள்ளிப்பிடிக் கத்தி செருகிய ஓமானிப் பெரியவர்.

"எங்க ஊர்ல ஆட்டுக்கிட்டயும் சம்மதம் கேப்போம்," என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. கயிற்றைத் தளர்த்திவிட்டுக் காத்திருக்கிறார்.

அதற்குள் எதிர்ப்பக்கம் ஒருவர் அதே கிடாவுக்கு விலையை ஏற்றுகிறார். அண்ணன் முகம் செத்துப்போகிறது. "சாமி, கைவிட்டுறாதப்பா!" என்று மிச்சத் தண்ணீரையும் ஊற்றுகிறார்.

கிடா கொம்பிலிருந்து வால்வரை சிலுப்புகிறது! பெரியவரின் வெள்ளை அங்கியெல்லாம் தண்ணீர்.

"உத்தரவு குடுத்துருச்சுய்யா!" அண்ணன் போட்ட சத்தத்தில் சந்தையே திரும்புகிறது.

எதிர்ப்பக்கத்துக்காரர் இன்னும் ஏற்றுகிறார். பெரியவர் அவரைப் பார்த்து, "கலாஸ்!" என்று, முடிந்தது என்பதுபோல் கையை வீசிவிட்டுக் கயிற்றை அண்ணனிடம் கொடுக்கிறார்.

"ஆடே சரின்னு சொல்லிருச்சு," என்கிறார் என்னிடம், இந்தியில். "மாட்டேன்னு சொல்ல நான் யாரு?"