பதினாலாம் வீட்டுச் சமையலறை

கதவக்காவுக்கு ஒருவர் மேல் கோபம் வந்தால் லேசில் ஆறாது. சண்டை போடமாட்டாள், அழமாட்டாள். பேச்சைக் குறைத்துக்கொண்டு உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருப்பாள். "உனக்குப் பயந்துதான் நான் நல்லவனா இருக்கேன்" என்பார் மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் வீட்டுக்காரர். அந்த மனுஷருக்காவது விவரம் தெரிந்திருந்தது. ஜீரோ சாருக்குத் தெரியவில்லை, பாவம். பாவம் என்று ஏன் சொல்கிறேன்? நன்றாக வேண்டும் அவருக்கு!

கல்லூரியில் தற்காலிகமாகச் சமூகவியல் நடத்திக்கொண்டிருந்தவள், முப்பத்தாறு வயதில் முனைவர் பட்டப் பயிற்சி மையம் ஒன்றில் சேர்ந்தாள். காற்றில் விடுகிற கரியும் திரும்ப எடுக்கிற கரியும் சரிக்குச் சரியாக வேண்டும், அதுதான் நெட் ஜீரோ. அதற்கு இன்ஜினியர் மட்டும் போதாது, பொருளாதாரம் படித்தவரும் சமூகவியல் படித்தவரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஆராய வேண்டும் என்று தொடங்கிய மையம் அது. மாணவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு துறையிலிருந்து இரண்டு வழிகாட்டிகள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடந்தது என்னவென்றால், இன்ஜினியர் பிள்ளைகள் ஒரு மேஜையில், மற்றவர்கள் இன்னொரு மேஜையில், நடுவில் காபி மெஷின். வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுத்ததால் இவளுக்குக் கதவக்கா என்று பெயர் வைத்தார்கள். வாயைத் திறந்தால் நெட் ஜீரோ என்று முழங்கிய இன்ஜினியரிங் பேராசிரியர் ஜீரோ சார் ஆனார். அந்தப் பெயர் அவர் காதுக்கு மட்டும் எட்டவில்லை.

கதவக்காவின் சமூகவியல் வழிகாட்டி பாதியில் வேறு வேலைக்குப் போய்விட, மிஞ்சியவர் ஜீரோ சார் மட்டும். அவர் கோட்டுப்படம், அதாவது கிராஃப், பார்ப்பார், எழுத்துப் படிக்கமாட்டார். எழுத்து வந்த பக்கங்களைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: ஒரு வீட்டில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்றால், அந்த மிச்சத்தின் கஷ்டம் யார் தலையில் விழுகிறது? ஒரே டிரான்ஸ்பார்மரின் கீழ் வரும் தெருக்களில் சீட்டுக் குலுக்கி அறுபது வீடுகளைத் தேர்ந்தெடுத்தாள். சமையலறைச் சுவர்களில் வெப்பமானி மாட்டினாள். வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசினாள். செருப்புத் தேய இரண்டு வருடம் அலைந்த வேலை. கட்டுரை ஆராய்ச்சி இதழுக்குப் போகத் தயாரானபோது எடுத்துப் பார்க்கிறாள், முதல் பெயர் ஜீரோ சார், இரண்டாவது பெயர் அவருடைய செல்ல மாணவன். அவ்வளவுதான். கடைசியில், பொடி எழுத்தில், களப்பணியில் உதவியவர் என்று இவளுக்கு ஒரு நன்றி.

முதல் பெயராகத் தன் பெயர் வந்த கட்டுரை ஒன்றாவது இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது, அது மையத்தின் விதி. அவளுக்கு இந்த வருடத்தோடு காலம் முடிகிறது. பட்டமே கையை விட்டுப் போய்விடும்.

"சார், என் பேரு?" என்று கேட்டாள்.

"இருக்கேம்மா, கடைசியில பாருங்க. நீங்க போய்க் கதவத் தட்டினீங்க, அவ்வளவுதானே?"

அவ்வளவுதானாம்! இரண்டு வருட உழைப்பை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டு மனுஷர் காபி கலக்கிக்கொண்டிருந்தார். 'இரு, உனக்கு வைக்கிறேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, "சரிங்க சார்" என்றாள்.

அவளிடம் ஒன்று இருந்தது. அறுபதில் பதினாலாவது வீடு ஜீரோ சாருடைய வீடு. பேட்டி முடிந்து எழுந்தபோதுதான் கூடத்தில் மாட்டியிருந்த அவர் போட்டோ கண்ணில் பட்டது. பகீரென்றது அவளுக்கு. "அக்கா, உங்க வீட்ட ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடறேன்" என்றாள்.

"எதுக்கு எடுக்கணும்?" என்றார் ஜீரோ சாரின் மனைவியான அந்த அம்மா. "அவர்கிட்ட நேர்ல சொன்னா காதுலயே ஏறாது. உன் பேப்பர்லயாவது இருக்கட்டும். பேரு மட்டும் போடாத."

அதன்பின் ஒரு மாதம் அந்தச் சமையலறைச் சுவரில் வெப்பமானி தொங்கியது. ஜீரோ சாருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால்தானே!

மையத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. நிதி தருகிறவர்கள் வருவார்கள், ஆசிரியர்களின் குடும்பங்களும் வரும். ஜீரோ சார் இவளைக் கூப்பிட்டு, "ஸ்லைடெல்லாம் நீங்களே போட்டுடுங்கம்மா. மனசத் தொடற மாதிரி ஒரு பெண்மணியோட பேச்சு ஒண்ணு வேணும். பணம் குடுக்கறவங்களுக்கு அதெல்லாம் பிடிக்கும்" என்றார்.

கதவக்கா பதினாலாம் வீட்டுக்குப் போன் செய்து சம்மதம் கேட்டாள். "தாராளமா போடு. எழுத்து பெருசா இருக்கட்டும். நானும் வரேன்" என்றது மறுமுனை.

முதல்நாளே ஸ்லைடுகளைக் கொடுத்து, "ஒரு தடவ படிச்சுப் பாத்துடுங்க சார்" என்றும் சொன்னாள். படித்துவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். அவர் படிக்கவில்லை. தன் வாயாலேயே தன் மானத்தை வாங்கிக்கொள்ளட்டும், அது இவளுக்கும் அந்த அம்மாவுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

கூட்டத்தில் ஜீரோ சார் கோட்டுப்படத்தைக் காட்டினார். "உச்சியில நிக்குது பாருங்க, பதினாலாம் வீடு! இப்படி ஒரு சூடு நான் பாத்ததே இல்ல." அடுத்த ஸ்லைடு வந்தது. குரலை இறக்கி, நாடகத்தில் வருகிறவர் மாதிரி வாசித்தார்.

"எங்க வீட்டுக்காரர் ரூம்ல ஆளில்லாமலே ஏ.சி. ஓடும். அவர் உள்ள நுழையும்போது ஜில்லுன்னு இருக்கணும். சமையல்கட்டுக்கு ஒரு ஃபேன் கேட்டா கரண்டு வீணாகும்பார். ஊருக்கெல்லாம் சிக்கனம் சொல்றவர். நான் வேர்க்கறது அவர் கணக்குல வராது."

படித்து முடித்தும் மனுஷருக்கு உறைக்கவில்லை! "இந்த ஆளு மட்டும் என் கையில கெடச்சா, நம்ம பயிற்சியில முதல் பெஞ்சுல உக்கார வெப்பேன்" என்று வேறு சொன்னார். அரங்கமே சிரித்தது. பின்சுவரில் சாய்ந்து நின்ற கதவக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

பிறகு நடந்தது அவள் போட்ட திட்டத்தில் இல்லை. முன்வரிசையிலிருந்து அந்த அம்மா எழுந்து மைக்கை வாங்கினார்.

"அவரத் தேட வேணாங்க. மேடையிலதான் நிக்கறார்."

வேடிக்கை என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள்.

"பதினாலாம் வீடு எங்க வீடு. ஏழு வருஷமா இதத்தான் சொல்லிட்டிருக்கேன். என்கிட்ட உக்காந்து காது குடுத்துக் கேட்டவ அதோ பின்னாடி நிக்கறா. மொத ஸ்லைடுல போட்ட பேர்ல அவ பேரக் காணோமே, ஏன்?"

ஜீரோ சார் திரும்பித் திரையைப் பார்த்தார். உதடு அசைய, முதலிலிருந்து மறுபடி படித்தார். காது மடல் சிவந்தது. கதவக்காவுக்கு ஒரு பொட்டு இரக்கம் வரவில்லை. நன்றாகப் படி என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த வாரம் அவரே அவள் மேஜைக்கு வந்து கட்டுரையை நீட்டினார். முதல் பெயர் அவளுடையது. அவர் நகரவில்லை.

"அந்தப் பதினாலாம் வீட்ட மட்டும் எடுத்துடலாமாம்மா? ஒரு வீடு கொறஞ்சா ஒண்ணும் ஆகாது."

"நானா எடுக்க முடியாது சார். பேட்டி குடுத்தவங்க வேணாம்னா எடுத்துடலாம், அதான் விதி" என்றாள் கதவக்கா, தலையை நிமிர்த்தாமல். "நீங்களே கேட்டுப் பாருங்க. இந்நேரம் சமையல்கட்டுலதான் இருப்பாங்க."

மறுநாள் கட்டுரை இதழுக்குப் போனது, அறுபது வீடுகளோடும்.