வாட்ஃபர்ட்டுக்கு ஒன்பது பேர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தேவாலயப் பங்கின் ஆண்டு மலரில் பயணக் கட்டுரை எழுதுபவர்கள் லூர்து போய் வந்தவர்கள், ரோமாபுரி போய் வந்தவர்கள். நான் போனது சவுத்எண்ட், கொல்செஸ்டர், கடைசியாக வாட்ஃபர்ட். மன்னாரில் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் என் பெயரைக் கேட்டாலே ஒளிந்துகொள்வேன். ஆனாலும் இந்த 2009 கோடையில் நான் பார்த்ததை எங்கள் பங்கில் வேறு யாரும் பார்க்கவில்லை என்பதால் எழுதத் துணிந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் அன்ரனுக்குப் பதினாறு வயது. போன வருடம்வரை நாங்கள் ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரத்தில் இருந்தோம். அங்கேதான் அவன் அமெரிக்கன் ஃபுட்போல் பழகினான். லண்டனுக்கு வந்து எட்மண்டனில் வீடெடுத்த நாளிலிருந்து அவனுக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. இந்த வருடம் மே மாதம், ஊரில் போர் முடிந்த நாட்களில், எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்று உங்களுக்குத் தெரியும். நானும் கணவரும் தொலைக்காட்சிக்கு முன்னாலேயே இருந்தோம். பிள்ளை சாப்பிட்டானா, படித்தானா என்று பார்க்கவில்லை. ஒருநாள் வந்து சொன்னான்: "அம்மா, நான் டோர்ட்முண்டுக்குச் சித்தியிட்டப் போறன். அங்க படிக்கிறன்."

அழுது, பேசி, கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். எட்மண்டன் பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு அமெரிக்கன் ஃபுட்போல் அணி தொடங்கியிருந்தார்கள். அதில் ஒரு பருவம் விளையாடிப் பார்ப்பது. "ரீம் நிண்டா நானும் நிப்பன். ரீம் குலைஞ்சா செப்டெம்பரில நான் போயிடுவன்" என்றான். அன்றே பெட்டியைப் பாதி அடுக்கித் தன் அறைக் கதவோரம் வைத்தும்விட்டான்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்து முட்டை வடிவம். காலால் உதைப்பது குறைவு. கையால் எறிவார்கள், கட்டிப்பிடித்து விழுத்துவார்கள். எல்லோருக்கும் தலைக்கவசமும் தோளில் பெரிய கவசமும் உண்டு. எங்கள் லீக்கில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒன்பதுக்கு ஒருவர் குறைந்தாலும் ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும். இரண்டு தடவை அப்படி நடந்தால் அணியை லீக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள். எங்கள் அணியில் மொத்தமே பதினொரு பேர். அதனால் இந்தக் கோடை முழுவதும் நான் எண்ணியது கோல் அல்ல, தலை.

ஜூன் முதல் ஞாயிறு, எங்கள் சொந்த மைதானம். கணவருக்குப் பெட்ரோல் நிலையத்தில் ஞாயிறு ஷிப்ட் என்பதால் நான் தனியாகப் போனேன். (பூசைக்கு நாங்கள் சனி பின்னேரமே போய்விடுவோம்.) வெட்கத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். பந்தை எறிகிற பொறுப்பு அன்ரனுக்கு. எறிவதற்கு முதல் அவனை நொறுக்க நாலைந்து பேர் பாய்ந்து வருகிறார்கள். அவர்களைத் தடுப்பவன் கிங்ஸ்பரியிலிருந்து வரும் நிரோஷ் என்ற தமிழ்ப் பையன். பதினைந்து வயதுதான், குளிர்சாதனப் பெட்டி அளவு உடம்பு. ஒருமுறை அவனைத் தாண்டி ஒருவன் வந்து அன்ரனைத் தூக்கிப் புல்லில் அடித்தான். நான் மரத்தை விட்டு வெளியே ஓடி, "ஐயோ, விடடா அவனை!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு ஜமேக்கப் பெண் மட்டும், "அப்படித்தான்! இன்னும் சத்தமாக!" என்றாள். அவள்தான் மர்லின். அவளுடைய மகன் ஜோர்டன், அன்ரன் எறியும் பந்தைப் பிடிப்பவன். அணியின் மினிபஸ் ஓட்டுவதும் அவள்தான்.

ஜூன் கடைசியில் சவுத்எண்ட். நாற்பது மைல். பெட்ரோலுக்கு ஆளுக்கு மூன்று பவுண். பத்துப் பேர் வந்தார்கள், வென்றோம். பிறகு எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். கடல் வற்றி, கண்ணுக்கு எட்டியவரை சேறு. தோள் கவசத்தைக் கழற்றாமலே பிள்ளைகள் சேற்றில் ஓடினார்கள். ஒரு பொட்டலம் சிப்ஸ் ஒரு பவுண் எண்பது. அன்ரன் அதைத் தன் கையால் எனக்கு நீட்டினான். ஆறு மாதத்தில் அவன் எனக்கு எதையாவது நீட்டியது அன்றைக்குத்தான்.

ஜூலையில் கொல்செஸ்டர். ஐம்பது மைல் ஓடிப் போய் இறங்கி எண்ணினால் எட்டுப் பேர். இரண்டு பேர் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போயிருந்தார்கள், ஒருவனுக்குக் காய்ச்சல். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், எழுதிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்ததும் அன்ரன் தன் குளிர் ஜாக்கெட்டையும் அந்தப் பெட்டிக்குள் வைத்தான்.

இனி ஒரு ஆட்டம்தான் மிச்சம்: ஓகஸ்ட் இருபத்து மூன்று, ஞாயிறு, வாட்ஃபர்ட், இரண்டு மணி. அதில் எட்டுப் பேர் நின்றால் அணி முடிந்தது. பயிற்சியாளர் டேவ், தபால் வேலை செய்பவர், ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்ததில் சரியாக ஒன்பது பேர் கிடைத்தார்கள். ஒன்பதாவது ஆள் நிரோஷ். அவனுடைய தங்கச்சிக்கு அதே நாளில் கிங்ஸ்பரியில் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா.

எனக்கும் அழைப்புக் கார்ட் வந்திருந்தது. சுபநேரம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை என்று அச்சடித்திருந்தார்கள். நான் டேவிடம் தைரியமாகச் சொன்னேன்: பன்னிரண்டுக்குப் பையனை ஏற்றினால், அங்கிருந்து வாட்ஃபர்ட் பன்னிரண்டு மைல்தான், நேரம் தாராளம். இருபது வருடமாகத் தமிழ்ச் சடங்குகளுக்குப் போய் வருகிற நான் கார்ட்டில் போட்ட நேரத்தை நம்பினேன் என்றால் பாருங்கள்.

அன்று பதினொன்று பத்துக்கு எட்மண்டனில் புறப்பட்டோம். நோர்த் சேர்க்குலர் வீதியில் வழமையான நெரிசல். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க மண்டப வாசலில் மர்லின் பஸ்ஸை நிறுத்தினாள். உள்ளே நாதஸ்வரம் இசைத்தட்டில் ஓடுகிறது. மேடையில் ஊஞ்சல், பூ, எல்லாம் தயார். சடங்குப் பிள்ளையை மட்டும் காணவில்லை. தலை அலங்காரம் செய்கிற பெண் வேறு வீட்டிலிருந்து வரப் பிந்திவிட்டாளாம்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குக் கார் வந்தது. நிரோஷ் பட்டுக் குர்த்தாவும் நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாக, குஞ்சம் வைத்த பெரிய குடையைத் தங்கச்சிக்குப் பிடித்துக்கொண்டு வந்தான். என்னைக் கண்டதும் கண்ணால் கெஞ்சினான். அப்பாடா என்று நான் மூச்சுவிட, வீடியோக்காரத் தம்பி கையைத் தூக்கினார்.

"நில்லுங்கோ, நில்லுங்கோ! குடை பிள்ளையின்ர முகத்தை மறைச்சுப்போட்டுது. திரும்பக் காரடியில இருந்து வாங்கோ."

இரண்டாம் முறை வந்தார்கள். அப்போது அவர் என்னைப் பார்த்து, "அன்ரி, நீங்கள் ஃபிரேமுக்குள்ள நிக்கிறியள், கொஞ்சம் தள்ளுங்கோ" என்றார். எல்லோருடைய கண்ணும் என் மேல். காஞ்சிபுரப் பட்டுகளுக்கு நடுவில் நான் அணியின் பச்சை ஜாக்கெட்டும் சேறு காய்ந்த சப்பாத்துமாக நின்றேன். மூன்றாம் முறை காரடிக்குப் போனார்கள்.

மணி பன்னிரண்டு ஐம்பது. மர்லின் என் முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினாள். நான் நிரோஷின் அம்மா வசந்தியக்காவிடம் போனேன்.

"அக்கா, நிரோஷை விடுங்கோ. நேரம் போட்டுது."

"என்ன ரெஜினா கதைக்கிறாய்? ஆலாத்தி எடுக்கேல்லை, குடும்பப் படம் எடுக்கேல்லை. ஒரே ஒரு அண்ணன். ஒரு விளையாட்டுக்காக விட ஏலுமே? வேற ஆரையும் போடச் சொல்லு."

"வேற ஆள் இல்லை அக்கா."

"அப்ப அடுத்த கிழமை விளையாடுங்கோவன்."

யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அங்கே வைத்துச் சொன்னேன். "அக்கா, இண்டைக்கு இவன் வராட்டி ரீம் இல்லை. ரீம் இல்லாட்டி என்ர பிள்ளை வீட்டை விட்டுப் போயிடுவான். பெட்டி அடுக்கி வச்சிருக்கிறான்."

வசந்தியக்கா, "விசரி, இதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்றார். திரும்பி வீடியோக்காரரைப் பார்த்து ஒரே அதட்டல்: "தம்பி, குடை மறைச்சாலும் பறவாயில்லை. இப்ப ஆலாத்தி, பிறகு ஒரு படம், அவ்வளவுதான். மிச்சத்துக்கு இவன்ர மாமா குடை பிடிப்பார்!"

ஆலாத்தித் தட்டைச் சுற்றி முடிக்க ஏழு நிமிடம்தான் ஆனது. அப்படிக் கெதியாக முடிந்த ஆலாத்தியை நான் கண்டதில்லை. தங்கச்சிக்காரி மேடையிலிருந்தே, "அண்ணா, வெல்லாமல் வந்தா என்ர கேக் உனக்கில்லை!" என்றாள். வாசலில் மறுபடியும் வழியை மறித்தார்கள். சாப்பிடாமல் அந்த மண்டபத்தை விட்டு யாரும் போகக் கூடாதாம். மர்லினுக்கு விஷயம் விளங்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை வாங்கி ஒரு வடையைக் கடித்தும்விட்டாள். கடைசியில் வசந்தியக்கா சமையல்காரரைக் கூப்பிட்டு இரண்டு பெரிய தட்டுச் சோறும் கறியும் மூடிப் பஸ்ஸுக்குள் ஏற்றுவித்தார். ஒன்று பத்துக்குப் புறப்பட்டோம்.

மோட்டார் வேயில் மர்லின் ஓட்டிய வேகத்தை நான் எழுதப் போவதில்லை. பின் இருக்கையில் நிரோஷ் குர்த்தாவைக் கழற்றித் தோள் கவசத்துக்குள் நுழைந்துகொண்டே சத்தமாகக் கேட்டான். (பிள்ளைகள் பேசுவது ஆங்கிலம்; நான் தமிழில் எழுதுகிறேன்.)

"டேய் அன்ரன், நீ ஜெர்மனிக்குப் போறியாமே? அன்ரி அம்மாவிட்டச் சொன்னவ. அப்ப நான் ஏன்ரா குடையைப் போட்டிட்டு ஓடி வாறன்?"

"வாயைப் பொத்தடா."

"பொத்திறன். ஆனால் இண்டைக்கு உன்னை ஒருத்தனும் தொட மாட்டான். தொட்டா நீ போ."

அன்ரன் என் பக்கம் திரும்பினான். நான் கண்ணாடிக்கு வெளியே மாடுகளைப் பார்த்தேன்.

ஒன்று நாற்பத்தைந்துக்கு மைதானம். நடுவர் எண்ணினார்; நானும் கூடவே எண்ணினேன். ஒன்பது. ஆட்டம் தொடங்கியது.

என்ன ஆட்டம்! அவர்கள் பக்கம் இருபது பேர், மாறி மாறி இறங்குகிறார்கள். எங்கள் ஒன்பது பேருக்கும் மாற்றமே இல்லை. இடைவேளையில் பதினான்குக்குப் பதினான்கு. வெயில் சுட்டது. மூன்றாம் பகுதியில் நடுவர் திடீரென்று விசில் ஊதி நிரோஷை நோக்கி ஓடினார். தலைக்கவசத்தின் கம்பிகளுக்குள்ளால் அவன் முகத்தில் சிவப்பாக வழிகிறது. நெற்றியிலிருந்து மூக்குவரை. இரத்தம் வந்தவன் வெளியே போக வேண்டும் என்பது விதி. அவன் போனால் எட்டுப் பேர். டேவ் தலையில் கை வைத்தார்.

எனக்கு எப்படிக் கால் வந்தது என்று தெரியாது. மைதானத்துக்குள் ஓடினேன். "நோ பிளட்! நோ பிளட்!" என்று கத்தினேன். நடுவர் என்னைத் தடுக்கக் கையை நீட்டினார். நான் நிரோஷின் கவசத்தைக் கழற்றி, நெற்றியில் விரலால் வழித்து, அந்த விரலை நடுவரின் மூக்குக்கு நேரே பிடித்தேன். "குங்குமம். சிஸ்டர் ஃபங்ஷன். பிளெஸ்ஸிங்!"

அவர் குனிந்து மணந்து பார்த்தார். சந்தனமும் சேர்ந்து மணந்திருக்கும். பிறகு சொன்னார்: "அம்மா, ஆசீர்வாதத்துக்கு விதி ஒன்றும் இல்லை. ஆனால் துடைத்துவிடுங்கள்." என் ஜாக்கெட்டின் கையாலேயே துடைத்தேன். எதிரணியின் தாய்மார்கூடக் கைதட்டினார்கள்.

கடைசி நிமிடம். அவர்கள் இருபத்திரண்டு, நாங்கள் பதினான்கு. நிரோஷ் இரண்டு பேரைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்க, அன்ரன் எறிந்தான். பந்து சுழன்று சுழன்று போனது. "பிடி ஜோர்டன்! பிடியடா!" என்று நான் கத்த, என்னைக் கட்டிக்கொண்டு மர்லினும் அதையே தமிழில் திருப்பிக் கத்தினாள். ஜோர்டன் பிடித்து விழுந்தான். ஆறு புள்ளி. கூடுதலாக இரண்டு எடுத்தால் சமன். அந்த முயற்சியில் ஒருவன் நிரோஷைச் சுற்றிக்கொண்டு வந்து அன்ரனை விழுத்திவிட்டான். விசில்.

இரண்டு புள்ளியால் தோற்றோம். ஆனால் எங்கள் பிள்ளைகள் நிரோஷின் மேல் ஏறிக் குதித்ததைப் பார்த்து, வென்ற அணிக்குத் தாங்கள்தான் வென்றோமா என்று சந்தேகம் வந்திருக்கும். பருவம் முழுதாக முடிந்தது. அணி நின்றது. நிரோஷ் மட்டும், "தொட்டிட்டானே" என்று அன்ரனிடம் சொன்னான்.

புல்லில் இருந்து சோறு சாப்பிட்டோம். கத்தரிக்காய்க் கறியின் மணத்துக்கு எதிரணியும் வந்தது. நடுவருக்கும் இரண்டு வடை. ஐந்து மணிக்குப் புறப்படும்போது டேவ், அடுத்த பயிற்சி ஏப்ரலில் என்றார். பஸ்ஸில் அன்ரன் என் பக்கத்து இருக்கையில் வந்து இருந்து நித்திரையாகிவிட்டான்.

ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்தும் நான் கண்டது பஸ் தரிப்பிடம், வேலைத்தலம், கோயில். லண்டனும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கோடையில்தான் மைதானத்துக்கு வரும் வெள்ளைக்காரர் வீட்டு நாய்களின் பெயர்வரை தெரிந்துகொண்டேன். வாட்ஃபர்ட்டில் எனக்கு ஒரு நடுவரைத் தெரியும்.

அடுத்த நாள் திங்கட்கிழமை, மழை. நான் ஆறு மணி ஷிப்ட்டுக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்பினேன். அன்ரன் சித்திக்குப் போன் எடுத்து, நத்தார் (கிறிஸ்மஸ்) விடுமுறையில் இரண்டு கிழமை மட்டும் வருவதாகச் சொல்லியிருந்தான். பெட்டிக்குள் உடுப்புகள் இல்லை; தோள் கவசம் மட்டும் இருந்தது. என் பச்சை ஜாக்கெட்டைத் தோய்த்தேன். குங்குமம் போகவில்லை.