நாட்காட்டியில் சிவப்பாக இருந்த நாள்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம் நானும் என் மனைவியும் பினாங்குக்குச் சுற்றிப் பார்க்கப் போகத் திட்டமிட்டோம். அதுவரை மலாக்காவில் நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கை விட்டு நாங்கள் போன அதிக தூரம் தம்பின் ரயில் நிலையம்தான். அதுவும் வேறு யாரையாவது ரயிலேற்றிவிட.

என் மனைவியின் அக்காள் பினாங்கில் இருந்தாள். அவள் கணவருக்குக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்க மனமில்லை. குடும்பத்தோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற முடிவு செய்துவிட்டார். ஜப்பான்காரன் காலத்துக்குப் பிறகு சகோதரிகள் சந்திக்கவே இல்லை. இதை விட்டால் இனி இல்லை என்று மனைவிக்குத் தெரியும். ஆனால் அவள் மலையேறும் ரயிலைப் பற்றியும் பாம்புக் கோவிலைப் பற்றியுமே பேசிக்கொண்டிருந்தாள்.

நான் டவுனில் ஒரு தமிழ் முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் வேலை செய்தேன். நோன்புப் பெருநாளுக்கு மூன்று நாள் கடை அடைப்பார். சீனர் மளிகைக்கடையில் கொடுத்த நாட்காட்டியில் பெருநாள் சிவப்பில் அச்சாகியிருந்தது. கப்பல் அதற்கு மறுநாள் மதியம் ஒரு மணிக்கு. பெருநாளன்று காலை ரயில் ஏறினால் இரவு பினாங்கு. மறுநாள் காலை முழுவதும் அக்காள் வீட்டில். கணக்கு சரியாக இருந்தது. டிக்கெட் எடுத்தேன். எதிர்வீட்டுச் சீனத்து அம்மா தோல்பெட்டியை இரவல் தந்தார். மனைவி அதில் முதலில் வைத்தது அக்காளுக்குப் பிடித்த மலாக்காக் கருப்பட்டி.

முதலாளியிடம் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். குடும்ப விஷயத்தைக் கடையில் பேசக் கூச்சம்.

பெருநாளைப் பிறைதான் முடிவு செய்யும், அச்சடித்தவன் அல்ல. பதினொரு வருடம் அந்தக் கடையில் இருந்த எனக்கு இது தெரியாததல்ல. இரண்டு மூன்று வருடமாக நாட்காட்டி சொன்ன நாளிலேயே பெருநாள் வந்ததால் நம்பிவிட்டேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை கடை ரேடியோவைச் சுற்றி எல்லோரும் நின்றோம். எங்கும் பிறை தென்படவில்லை.

"நாளைக்கும் நோன்புதான். கடை உண்டு, எல்லாரும் நேரத்தோட வந்துருங்க" என்றார் முதலாளி. பிறகு என்னைப் பார்த்து, "ஒன் ரயிலும் நாளைக்கு நோன்பு இருக்கட்டும்பா" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நோன்பின் கடைசி நாள் துணிக்கடையில் மூச்சுவிட முடியாது. காலையிலேயே லீவு கேட்டுவிட வேண்டும் என்று முதலாளியின் மேசை வரை போனேன். தலையை நிமிர்த்தி, என்ன என்பது போலப் பார்த்தார். வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ரயில் தம்பினை விட்டுப் புறப்படும் நேரத்தில் ஒரு மலாய்க்காரருக்குச் சட்டைத்துணி கிழித்துக்கொண்டிருந்தேன். இரவு ரயிலாவது உண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மதியம் மனைவி வந்தாள். பாஜூ என்னும் மலாய்ச் சட்டைக்குத் துணி பார்க்கும் பெண்களுக்கு நடுவில் அவளும் வாங்க வந்தவள் போல நின்றாள்.

"கேட்டீங்களா?"

நான் எதிரே கிடந்த துணியை விரித்து, யாரும் கேட்காத இரண்டு கஜத்தை அளந்தேன். அவள் கொஞ்ச நேரம் அந்தத் துணியையே பார்த்தாள். பிறகு போய்விட்டாள். தனியாக ரயிலேற அவளுக்குத் தெரியாது. கடை அடைக்கும்போது இரவு ரயிலும் போயிருந்தது.

மறுநாள் பெருநாள். வழக்கம்போல முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். பினாங்கில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று முதலாளியின் மனைவி கேட்க, என் மனைவி கப்பல் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். முதலாளி பிரியாணிக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சுத்திப் பாக்கப் போறேன்னுதானேப்பா சொன்ன. அக்கா கப்பலேறுதுன்னா நானே ரயிலடிக்குக் கொண்டுவந்து விட்டிருப்பேனே."

என் மனைவிதான் பதில் சொன்னாள். "அவருக்குக் கேக்க வராதுண்ணே."

முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை. வேறு என்ன செய்வார், என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து நாகப்பட்டினத்திலிருந்து கடிதம் வந்தது. கப்பல் நகரும்வரை கம்பி ஓரமே நின்றதாகவும், நாங்கள் நேரம் தவறி வந்து கூட்டத்தில் நிற்கிறோமோ என்று மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தியைப் பார்த்துக் கை காட்டியதாகவும் அக்காள் எழுதச் சொல்லியிருந்தாள். என் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. அதை நான்தான் வாய்விட்டு வாசிக்க வேண்டியிருந்தது.