மூடிக்குள் ஒரு தாள்

பெட்டியை மூடும் முன் ஜெசிந்தா உள்ளே ஒரு தாளை நாலாக மடித்து வைக்கிறார். பக்கத்தில், பெட்டியை இயக்கும் கணினி நிரல் முழுதும் உள்ள ஒரு மெமரி கார்டை ஒட்டுகிறார். நான்கு திருகாணிகள் அவர் உதடுகளுக்கு நடுவில் இருக்கின்றன. பேச்சு அவற்றைத் தாண்டித்தான் வரும். முக்கியமான விஷயம் என்றால் மட்டும் வெளியே எடுப்பார்.

வயல் மோட்டாரைக் கைப்பேசியிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர் அது. கூட்டேரிப்பட்டு சந்திப்பில், டயர் கடைக்கும் டீக்கடைக்கும் இடையே எட்டடி அகலக் கடையில் செய்து விற்கிறார். வயது நாற்பத்தொன்று. கழுத்து இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்கு ஆறு ஆண்டு போய்வந்தவர். "வேன்ல தூங்கித் தூங்கியே இப்பிடி கோணிக்கிச்சி" என்பார். நிரல் எழுதப் பழகியது விழுப்புரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்.

தாளின் ஒரு பக்கத்தில் மூன்று வரிகள்: பிரித்துப் பார்க்கலாம். மாற்றலாம். அடுத்தவருக்குக் கொடுத்தால் இதே உரிமையோடு கொடுக்க வேண்டும். மறுபக்கத்தில், நிரலை எழுதியவர், திருத்தியவர்கள் என ஒன்பது பெயர்கள். முதலாவது ஒரு வெளிநாட்டுக்காரருடையது. ஜெசிந்தாவுக்கு அதை உச்சரிக்க வராது. அந்த வெளிநாட்டுக்காரர் எல்லோருக்குமாக இணையத்தில் வைத்திருந்த நிரலின் மேல்தான் இந்தப் பெட்டி ஓடுகிறது. மூன்று வரிகளும் அவர் விதித்த நிபந்தனையின் சுருக்கம்.

ஒன்பதாவது பெயர் கெடார் கிராமத்துக் கலைப்பிரியா. அங்கே அவருடைய அப்பா சீனுவாசன் உட்படப் பதினொரு பேருக்கு ஒரே டிரான்ஸ்பார்மர். மின்சாரம் திரும்பியதும் பதினொரு மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பும். ஃப்யூஸ் போகும். ஒருமுறை லைன்மேன் வர இரண்டு நாளாகி, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடி வாடியது. கலைப்பிரியா கார்டை எடுத்து நிரலில் நான்கு வரி சேர்த்தார். இப்போது ஒவ்வொரு பெட்டியும் வேறுவேறு நிமிடம் காத்திருக்கிறது. யாருக்கு எத்தனை நிமிடம் என்று பதினொரு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். கடைக்கோடி வயலுக்கு முதல் முறை. திருத்தம் ஜெசிந்தாவுக்கும் வந்து, அதன்பின் எல்லாப் பெட்டிகளிலும் போகிறது.

"எம் பொண்ணு கை வச்சதுலேர்ந்து லைன்மேனுக்கு எங்கூர்ல டீயே கெடைக்கலம்மா" என்கிறார் சீனுவாசன்.

போன மாதம் விற்றது நான்கு பெட்டி. இந்த மாதம் இரண்டு. இப்படியே போனால் தை பிறந்ததும் மறுபடி காலை நாலே முக்காலுக்குத் தொழிற்சாலை வேனுக்கு நிற்க வேண்டும். அந்த நிலையில்தான் சென்னை பம்பு நிறுவனம் ஒன்றிலிருந்து கோதண்டபாணி வந்தார். அவர் கையில் இருந்தது ஜெசிந்தா செய்த பெட்டிதான். உள்ளே கருப்புப் பசை ஊற்றி இறுக வைத்திருந்தார்கள்.

"முந்நூறு பெட்டி, மேடம். எங்க பேர்ல போவும். கஸ்டமர் உள்ள கை வைக்கக் கூடாது, இதே மாதிரி பசை ஊத்திடுங்க. அந்தத் தாளு, கார்டு, பேருங்க எதுவும் வேணாம்."

ஜெசிந்தா திருகாணிகளை எடுத்தார்.

"ஊருக்கு ஊரு நிமிஷத்த மாத்திக்கணும் சார். இல்லன்னா எல்லாம் ஒண்ணா கெளம்பும்."

"அத எங்க சர்வீஸ் ஆளுங்க வந்து பாத்துப்பாங்க."

"சென்னைலேர்ந்தா? அதுக்குள்ள மல்லாட்டை காய்ஞ்சிடும்."

"சரி, பேரையாவது எடுங்க. ஃப்ரீயா கெடச்சதுதானே? யாரு வந்து கேக்கப் போறா?"

"கேக்க மாட்டாரு சார். மொத பேருக்காரருக்கு கூட்டேரிப்பட்டு எங்க இருக்குதுன்னே தெரியாது. அதுக்காக அவரு சொன்னத மீற முடியுங்களா? அவரு எழுதனத வச்சித்தான நான் பொழச்சிக்கினு இருக்கேன்."

"பேஜாரு பண்ணாதீங்க மேடம். வெள்ளிக்கிழம வர்றேன், யோசிச்சி வைங்க." பெட்டியை விட்டுவிட்டுப் போனார்.

மூன்று நாளும் ஜெசிந்தா யோசித்ததாகத் தெரியவில்லை. வேலைக்கு நடுவே, சால்டரிங் அயர்ன் சூட்டில் பசையை இளக்கி, கொண்டை ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒருமுறை டீக்கடைக்காரரிடம், கம்பெனி வேன் இப்போதும் அதே நேரத்துக்குத்தான் வருகிறதா என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை கோதண்டபாணி வந்தபோது ஜெசிந்தாவின் வாயில் திருகாணிகள் இருந்தன.

"என்ன மேடம், முடிவு பண்ணிட்டீங்களா?"

சுரண்டிய பெட்டியை ஜெசிந்தா மூடாமலே அவர் பக்கம் நகர்த்தினார். உள்ளே கார்டு இருந்தது. தாள் நாலாக மடித்து இருந்தது. பிறகு திருகாணிகளை எடுத்து, முந்தானையில் துடைத்து, நான்கையும் கோதண்டபாணியின் உள்ளங்கையில் வைத்தார். "முந்நூறும் இப்பிடித்தான் வரும் சார், மூட இது போதும்."