தூக்கம் மாஃபி

எங்கள் கம்பெனியில் வண்டிகளை அனுப்பும் அதிகாரி ஹிந்திக்காரர். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் தூக்கம். சவூதியின் யான்பு துறைமுகத்தில் இரும்புக் குழாய்களை ஏற்றி, இரண்டு டிரெய்லர்களைக் கோத்துக்கொண்டு நாங்கள் ரியாத் பக்கம் கிளம்பும்போதெல்லாம் ஜன்னலுக்குக் கீழே வந்து, "தூக்கம் மாஃபி, பாய்" என்பார். தூங்கக் கூடாதாம். அதுவும் போதாதென்று ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு கேமராவை வைத்தார்கள். கண் சற்று மூடினால் அது கத்தும். அவருக்கும் தகவல் போகும். என்ன பிழைப்போ.

அன்று பாதி வழியில், டீசல் போட்ட இடத்தில் அத்தானின் போன் வந்தது.

"தம்பி, அக்கா போயிட்டாப்பா. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவதான். நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் வச்சிருப்போம். கோடி நீதான் போடணும், வந்துரு."

பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் எங்கள் பக்கம் ஒரு பெண்ணை எடுக்கமாட்டார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது நான் ஒருவன்தான்.

அவசர லீவு கேட்க அதிகாரிக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. சரக்கை இறக்கிவிட்டு ரியாத்திலேயே விமானம் ஏறலாம் என்று வண்டியை எடுத்தேன். அந்த நீள வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, ஓரம் கட்டினால் சக்கரம் மணலில் புதைந்துவிடும். அதனால் ஓட்டிக்கொண்டே அழுதேன். கண்ணைத் துடைக்கும்போதெல்லாம் கேமரா கத்தியது. நான் கூப்பிட்டபோது எடுக்காத மனுஷன், கேமரா கூப்பிட்டதும் உடனே போனில் வந்துவிட்டார்.

"க்யா பாய், தூக்கம்?"

அழுகையில் எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியும் ஓடிப்போயிருந்தது. "துக்கம் பாய், துக்கம்" என்றேன்.

"அச்சா" என்று வைத்துவிட்டார்.

ரியாத் யார்டில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். தூங்கியதை நானே ஒப்புக்கொண்டேனாம். விசாரணை முடியும்வரை லீவுக் காகிதத்தில் கையெழுத்துக் கிடையாது. அது இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்ப முடியாது. நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. ஒர்க் ஷாப்பில் இருந்த மலையாளி ஒருவர் அதிகாரிக்குப் போன் போட்டு, ஒன்று உறக்கம், மற்றது சாவு என்று விளக்கிச் சொல்வதற்குள் ஊரில் அக்காவை எடுத்துவிட்டார்கள். தூரத்துப் பங்காளி ஒருவன் கோடி போட்டானாம்.

பிறகு ரியாத் யார்டுக்கு நேரில் வந்த அதிகாரி சிரித்தார். "தூக்கம், துக்கம், சேம் சேம். கலாஸ், பாய்." விஷயம் முடிந்ததாம். சாவியைத் திருப்பித் தந்தார். அந்த முகத்தில் துப்பியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போதும் அதே ரோடு, அதே கேமரா. அக்கா நினைப்பு வந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறேன். அங்கே இறங்கி, வண்டிக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு ஏறுகிறேன்.