சிங்கிள் யூசரில் ஒரு கல்யாணப் படம்

சர்வர் பார்க்கிறவனைக் கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள், ஏதாவது செத்த பிறகுதான் கூப்பிடுவார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. யூனிக்ஸ் சர்வரின் டிஸ்க் குழம்பிப்போனால் அதை சிங்கிள் யூசர் மோடுக்கு இறக்க வேண்டும். எல்லாரையும் வெளியே அனுப்பி, நெட்வொர்க்கையும் நிறுத்திவிட்டு, மெஷினுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து டிஸ்க்கைச் சரிபார்க்கிற நிலை அது. ஆள் நடந்துகொண்டே இருந்தால் வீடு கழுவ முடியாது இல்லையா, அவ்வளவுதான் விஷயம்.

தம்போயிலிருந்து போன்

குமரேசன் அண்ணன் தம்போயில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். எடுக்கிற கல்யாணப் படமெல்லாம் கடையின் பின்னறையில் இருக்கும் ஒரு சர்வரில்தான் போய்ச் சேரும். முதல்நாள் சாயங்காலம் இடி இடித்துக் கரண்ட் போயிருக்கிறது. யு.பி.எஸ். பேட்டரியை மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று நான் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். காலையில் கடையைத் திறந்து பார்த்தால் பாதி ஃபோல்டரைக் காணோம்.

நான் அப்போது யோங் பெங்கில் வேறொரு வேலையில் இருந்தேன். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் விஷயத்தைச் சொன்னார். போன மாதம் கல்யாணமான ஸ்டெல்லா என்ற பெண் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அப்பா நேற்று இறந்துவிட்டார். இன்று சாயங்காலம் மாதா கோயிலில் பூசை, அப்புறம் அடக்கம். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு படம் வேண்டும். மனுஷர், யாராவது படமெடுக்க போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். ஐ.சி. அடையாள அட்டையில் இருப்பது இளவயதுப் படம். அவர் கேமராவுக்கு நேராக நின்றது மகள் கல்யாணத்தில் மட்டும்தான். ஆல்பம் இன்னும் அச்சுக்கே போகவில்லை, கேமரா கார்டிலோ அதற்குள் வேறு கல்யாணங்கள் ஏறிவிட்டன.

"மத்ததெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் மணி. இந்தப் பொண்ணைப் போம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல," என்றார் குமரேசன் அண்ணன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

நான் காரை எடுத்துக்கொண்டு ஹைவேயில் ஏறினேன். வழியிலேயே ஜேக்கப்புக்கு போன் போட்டேன். இந்தத் தொழிலில் அவன் என் கூட்டாளி. வீடு கெலாங் பாத்தாவில், பகல் வேலை சிங்கப்பூரில். அங்கிருந்தே சர்வருக்குள் நுழைந்து என்னவென்று பார் என்றேன். பார்த்தவன், நான் போய்ச் சேர்வதற்குள் தயாராக இருக்கட்டும் என்று நல்ல மனசோடு சர்வரை சிங்கிள் யூசருக்கு இறக்கிவிட்டான். சிங்கிள் யூசரில் நெட்வொர்க் இருக்காது. அவன் போன பாதையை அவனே அடைத்துவிட்டான். சிரிக்காதீர்கள், நம்மில் பாதிப் பேர் ஒரு தடவையாவது இதைச் செய்திருக்கிறோம்.

நான் போய்ச் சேர்ந்தபோது, பச்சை விளக்கு மட்டும் எரிகிற ஒரு பெட்டியைக் கடையே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்த சர்வருக்கு மானிட்டரும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. எடிட்டிங் மெஷினிலிருந்து இரண்டையும் கழற்றிக்கொண்டுவந்து மாட்டினேன். திரையில் ஒரே ஒரு வரி, எண்டர் தட்டச் சொல்லி. காலையிலிருந்து அது அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறது. தட்டினேன். உடனே ஜேக்கப்பிடமிருந்து போன்.

"மச்சான், அந்த எண்டரைத் தட்டத்தான் அரை நாள் லீவு போட்டுட்டு செகண்ட் லிங்க் பாலத்து ஜாம்ல நிக்கிறேன். நீ தட்டிட்டியா, இல்ல நான் வரணுமா?"

அழித்துவிடவா?

டிஸ்க் சரிபார்க்கும் புரோகிராம் சும்மா சரிபார்க்காது, கேள்வி கேட்கும். இந்த ஃபைல் எந்த ஃபோல்டரிலும் இல்லை, சேர்க்கவா? இது உடைந்திருக்கிறது, அழித்துவிடவா? ஆமா, இல்லை என்று நாம் பதில் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆமா போட்டால் டிஸ்க் சீக்கிரம் சுத்தமாகிவிடும். ஆனால் அந்த ஆமாவில் ஒன்று ஸ்டெல்லாவுடைய அப்பாவாக இருந்தால் அப்புறம் யாரைக் கேட்பது? அதனால் முதலில் எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொல்லி, என்னென்ன உடைந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். நிறையவே உடைந்திருந்தது.

முழு டிஸ்க்கையும் நகல் எடுக்க நேரமில்லை. இந்த வருஷத்துப் படங்கள் இருந்த பகுதியை மட்டும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, அந்த நகலில்தான் கை வைப்பது என்று முடிவு செய்தேன். அதற்கே நேரம் பிடித்தது. குமரேசன் அண்ணன் என் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தார். "யெஸ் யெஸ்னு போட்டுக்கிட்டே போங்க லா" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது உங்கள் வீட்டு டி.வி. ரிமோட் இல்லை, அழித்தால் அழித்ததுதான் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பின்னால் ஸ்டெல்லா கறுப்புச் சுடிதாரில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. குமரேசன் அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, நான் வாயத் தொறக்கல. ஆனா பொட்டி கோயிலுக்குப் போறதுக்குள்ள அந்தப் புள்ள கையில ஏதாச்சும் ஒண்ணு குடுத்துடுங்க மணி."

பெயர் போன படங்கள்

நகலில் ஒவ்வொரு கேள்வியாகப் படித்துப் பதில் சொல்லி முடித்தேன். ஊர் பேர் தெரியாத ஃபைல்களையெல்லாம் யூனிக்ஸ் ஒரு தனி ஃபோல்டரில் கொண்டுபோய்க் கொட்டும். பெயர் இருக்காது, வெறும் நம்பர்தான். யார் வீட்டுக் கல்யாணம், எந்த மண்டபம் எதுவும் தெரியாது. சர்வரைப் பழையபடி எல்லாருக்கும் திறந்துவிட்டு, மானிட்டரை எடிட்டிங் மெஷினில் திரும்ப மாட்டி, ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஸ்டெல்லாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் சித்தியின் சேலை, மாமாவின் கோட்டு என்று பார்த்து, இது எங்களது, இது இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுடைய கல்யாணப் படங்கள் வந்தன. அவற்றில் அவள் அப்பாவைத்தான் காணோம். ஒன்றில் தூரத்தில் நாற்காலி தூக்கிக்கொண்டு போகிறார். இன்னொன்றில் தண்ணீர்ப் பெட்டிகளுக்குக் குனிந்திருக்கிறார், முதுகு மட்டும் தெரிகிறது.

கடைசியில் அது வந்தது. கோயில் வாசலில் மகளும் அப்பாவும். ஆனால் படம் மேல்பாதிதான் இருந்தது. நெஞ்சுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம், டிஸ்க் தின்ற இடம். முகம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. நெற்றியில் வியர்வை, சட்டை காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது, சிரிப்பை அடக்கத் தெரியாத முகம். பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க இது போதும் என்று குமரேசன் அண்ணன் முகத்தை மட்டும் வெட்டி பிரிண்டருக்கு அனுப்பினார். பிரேம் போட்டு அவரே துடைத்துக் கொடுத்தார். ஸ்டெல்லா பிரேமை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். ஆனால் பார்வை திரையை விட்டு நகரவில்லை. கீழே வேறு எதுவும் வராதா என்று கேட்டாள். வராது என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

"புது சப்பாத்து கடிக்குதுன்னு கழட்டிட்டு வெறுங்கால்ல நின்னாரு அண்ணே. போட்டோவுல அசிங்கமா இருக்கும்னு எல்லாரு முன்னாடியும் அவரைத் திட்டிட்டேன். இப்ப எனக்கு அந்தக் காலைப் பார்க்கணும் போல இருக்கு."

சிங்கிள் யூசர் என்றால் ஒரே ஆள் என்று மேனுவலில் போட்டிருக்கிறான். எழுதின புண்ணியவானுக்குப் பின்னால் நாற்காலி போட்டு யாரும் உட்கார்ந்ததில்லை போலிருக்கிறது.